சம்பந்திக்குப் போட்ட ‘ன்’

எனக்கு எந்த மொழியிலும் ஒரு கதையை முழுதாகச் சொல்லத் தெரியாது. ஆனால் நாலைந்து மொழிகளில் ஆளை வேலை வாங்கத் தெரியும். தோட்டத்தில் நான் மண்டோராக, கங்காணி என்பார்களே அப்படி, இருந்தவள். புல்வெட்டு, மருந்தடி, செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குவது என்று ஒரு கும்பலே என் வாய்க்குக் கீழே நடந்தது. முதலில் நம் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் ஃபேக்டரி வேலைக்குப் போன பிறகு ஜாவாக்காரிகள் வந்தார்கள். அப்புறம் வங்காளத்து ஆண்கள், நேப்பாளத்து ஆண்கள். ஒவ்வொரு கும்பல் வரும்போதும் நான் கற்றுக்கொண்டது கட்டளையை மட்டும்தான். வா, போ, குனி, தூக்கு, உட்கார், சாப்பிடு. இதற்கு மேல் ஒரு மண்டோருக்கு என்ன மொழி வேண்டும்?

வேலையை விட்டபோது, இனிமேல் யாரையும் எதற்கும் விரட்டுவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் விட்டேன். தொண்டை தேய்ந்து போயிருந்தது. முழங்காலும் அப்படித்தான். புக்கிட் ரோத்தானில் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த தாமான் குடியிருப்பு வீட்டில் யாருக்கும் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. பேசாமல் இருப்பதும் ஒரு ஓய்வுதான். அதைத்தான் கடைசி மகன் கெடுத்தான்.

அவனுக்கு மில்லில் எந்திரம் பூட்டுகிற வேலை. செம்பனைப் பழத்தை அவித்து எண்ணெய் எடுக்கிற மில். கம்பெனி அவனைக் கொலம்பியா என்ற நாட்டுக்கு அனுப்பியது. அங்கேயும் செம்பனைதானாம், கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்கு அதே மரம்தானாம். மில் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு குடும்பத்தில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்பவர் என் கொழுந்தன். அவரிடம் சொன்னேன்.

“கொழும்பா?” என்றார் அவர். “சிலோன் பொண்ணா அண்ணி? பரவால்லயே! அந்தக் காலத்துல ஆபீஸ்ல கணக்கெழுதுன சிலோன் கிராணி அய்யா நம்மள வாசல்லயே நிக்க வச்சாரு. இப்ப அவுக வீட்லேர்ந்தே சம்பந்தம் வருதுலா!”

“கொழும்பு இல்ல தம்பி. கொலம்பியா. அமெரிக்காவுக்குக் கீழ இருக்காம்.”

“அப்ப வெள்ளக்காரியா?”

“படம் பாத்தேன். நம்ம நெறந்தான், கொஞ்சம் வெளுப்பு.”

“பாஷ?”

“ஸ்பானிஷ்.”

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்லட்டுமா அண்ணி, கிள்ளான்ல கல்யாண மேனேஜர்னு இருக்கானுவ. அவன்ட்ட விட்ருவோம். வர்றது ஒரு கூட்டம். தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. நீங்க எப்படிச் சமாளிப்பீங்க? படிச்சவங்களே தெணறுவாங்க.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இதைக்கூட அப்படிக் கூட்டித்தான் எழுதுகிறேன். அதற்காக என் வீட்டுக் கல்யாணத்தை ஒரு மேனேஜரிடம் கொடுப்பேனா? “நான் பாக்காத கும்பலா தம்பி?” என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வாய்க்கு நன்றாக இருந்தது. முழங்கால்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

மகன் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னான். பெண்ணுக்குத் தகப்பன் இல்லை, சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். வளர்த்தது தாய் ஒருத்திதான். அந்தத் தாய் இன்னும் மனதார ஒப்பவில்லை. நேரில் வந்து வீட்டைப் பார்க்கிறேன், மாமியாரைப் பார்க்கிறேன், பிடித்தால் என் கையாலேயே பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கிறேன், பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். பெண்ணும், அம்மா கை கொடுக்காமல் எனக்குத் தாலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“அதனால அம்மா,” என்றான் மகன், “அவங்க மனசு நோகாம பாத்துக்கங்க. அவ்ளோதான்.”

கல்யாணம் என் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில். ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், கோயில் மட்டும் நிற்கிறது. மகனும் மருமகளாக வரப்போகிறவளும் மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் தாலி அறுத்தவள், மேலே ஏற மாட்டேன். கொழுந்தனும் அவர் மனைவியும் ஏறுவார்கள். கீழே அந்தக் கூட்டத்துக்கு எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது, எப்போது அரிசி போடுவது என்று யாராவது சொல்ல வேண்டுமே. மகனிடம் கேட்டேன். அவன் தினமும் ஃபோனில் குரலைப் பிடித்து அனுப்பினான். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வாருங்கள் என்பதற்கு வெங்கன். சாப்பிடுங்கள் என்பதற்கு கோமன். உட்காருங்கள் என்பதற்கு சியெந்தென்சே. எழுந்து நில்லுங்கள் என்பதற்கு பாரென்சே. இதை மட்டும் ‘பாரேன்’ என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன். சாப்பிடுகிறவனைக் கோமான் என்று கூப்பிடுகிற மொழி நல்ல மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினேன். செருப்பைக் கழற்றுங்கள் என்பதில் ஒரு சொல் வந்தது, சப்பாத்தோஸ். நாம் சப்பாத்து என்று சொல்வோமே, அதேதான். அன்றைக்கு எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. சப்பாத்து ஒன்றானால் மற்றதும் வந்துவிடும்.

“வாய மூடுங்கன்னு எப்படி?” என்று கேட்டேன்.

“யம்மா! சம்பந்தி வீட்டாளுங்கள வாய மூடச் சொல்லப் போறீங்களா?”

“தேவப்பட்டா?”

அதை மட்டும் அவன் சொல்லித்தரவில்லை.

வந்தார்கள். தாய், தாயின் அண்ணன் ஒருவர், தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள். விமான நிலையத்திலிருந்து வேன் வந்து வீட்டு வாசலில் நின்றதும் நான் கேட்டருகே நின்று “வெங்கன்! வெங்கன்!” என்றேன். எல்லாரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். சப்பாத்துக்களை வாசலில் கழற்றச் சொன்னேன், வரிசையாகக் கழற்றினார்கள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். கொழுந்தன் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணி, ஸ்பானிஷ் மண்டோரும் ஆயிட்டீங்க போங்க!” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

அந்தத் தாய் மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிடக் கொஞ்சம் இளையவள். வெயிலில் வேலை பார்த்த கை, பார்த்ததுமே தெரிந்தது. வீட்டைச் சுவர் சுவராகப் பார்த்தாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

அடுத்த நாள் காலையில் அவள் மட்டும் முதலில் எழுந்து சமையல்கட்டுக்கு வந்தாள். நல்ல நேரம் என்று நினைத்தேன். தோசையைச் சுட்டுத் தட்டில் வைத்து, சட்னி ஊற்றி, அவள் முன்னால் நீட்டி, “கோமன்” என்றேன், எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாக.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுத் தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் அந்தக் கூட்டம் முழுவதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. கைப்பிள்ளைகூட வந்துவிட்டது. நான் மாவைக் கரைத்து எல்லாருக்கும் சுட்டேன். அவள் என் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் தட்டு எடுத்துக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை. மாவு தீர்ந்துவிட்டது.

சாயந்தரம் அவள் கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். காப்பி கலக்கிக்கொண்டு போய், “வெங்கன், கோமன்” என்றேன். காப்பிக்கு வேறு சொல் எனக்குத் தெரியாது. மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். எழுந்து போனாள். கூட்டம் வந்தது. காப்பி பானையை அடுப்பில் ஏற்றினேன்.

இப்படியே நடந்தது. அவளுக்கு ஒரு வாழைப்பழம் நீட்டினால் வாழைத்தாரே காலியாகும். உட்காருங்கள் என்றால் அவள் உட்காராமல் ஓடிப்போய் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பாள். என் வயதில் நான் நாள் முழுக்க அடுப்படியில் நின்றேன். கணுக்கால் வீங்கிவிட்டது. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் தோசைக்கல்தான் தெரிந்தது. தோட்டத்தில் கூட ஒரு கும்பலுக்கு ஒரு சாப்பாட்டு நேரம்தான் உண்டு. இவர்களுக்கு அந்தத் தாயை நான் பார்த்த நேரமெல்லாம் சாப்பாட்டு நேரம்.

கொழுந்தனின் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், உதவிக்கு வந்தாள். அவளிடம் சொல்லிப் புலம்பினேன்.

“அந்தம்மா தனியா ஒரு வாய் தின்ன மாட்டேங்குது. நான் என்ன வச்சாலும் ஊரக் கூட்டியாந்துருது. என் கையில என்ன வெஷமா இருக்கு?”

“மொதல்ல மத்தவங்க தின்னு பாக்கட்டும்னு இருக்கோ என்னமோ அக்கா,” என்றாள் அவள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அடுத்த தோசையை முதலில் என் வாயில் பிய்த்துப் போட்டுப் பார்த்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் தாயும் மகளும் பேசுகிற சத்தம் கேட்டது. சண்டையில்லை. சண்டையாயிருந்தால் எனக்குக் கவலையில்லை. அழுகை. பிறகு என் மகன் உள்ளே போனான். வெளியே வந்தபோது அவன் முகம் சரியாயில்லை. என்னைச் சமையல்கட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

“அம்மா, அவங்க நாளைக்குக் கை கொடுக்க மாட்டேன்றாங்க.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ஏன்டா? நான் என்ன கொறை வச்சேன்?”

“நீங்க அவங்கட்ட ஒரு வார்த்த பேசலயாம்.”

“நானா? காலயிலேர்ந்து கோமன் கோமன்னு தொண்ட கிழியுது!”

“அதான்மா. அவங்க சொல்றாங்க, இந்தம்மா எங்கூட்டத்துக்கிட்டதான் பேசுது, எங்கிட்ட இல்ல. நான் தனியா நின்னாக்கூட எல்லாரும் வாங்க, எல்லாரும் சாப்புடுங்கன்னு எனக்கு ஆர்டர் போடுது. நான் போயி எல்லாரயும் கூப்புட்டு வந்து பந்தி வைக்கிறேன், வேலக்காரி மாதிரி. பெத்தவன்னு ஒருத்தி இருக்கறதே அந்தம்மா கண்ணுக்குத் தெரியல. நாள பின்ன எம்பொண்ணும் அதுக்குக் கும்பல்ல ஒருத்திதான்னு.”

எனக்கு விளங்கவில்லை. “எல்லாரும்னு நான் எப்படா சொன்னேன்?”

“அவங்க தனியா இருக்கறப்ப என்னா சொன்னீங்க?”

“கோமன். மரியாதயாத்தான் சொன்னேன்.”

மகன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். “அய்யோ, அம்மா. தப்பு எம்மேல. கூட்டத்துக்குச் சொல்றத மட்டும் சொல்லிக் குடுத்துட்டேன். நம்மள்ல ஒரு பெரியவங்கள வாங்கன்னு சொல்லுவோம், நாலு பேரயும் வாங்கன்னுதான் சொல்லுவோம். அங்க அப்படி இல்ல. கடைசிப் பக்கம் ‘ன்’ வந்தா ஆளு ஒண்ணுக்கு மேல. ஒருத்தருக்குன்னா அந்த ‘ன்’ வராது. வெங்கா. சியெந்தெசே.”

“வாலறுத்துச் சொல்லணுமா?”

“ஆமா.”

“வாங்கன்றத வான்னு சொல்ற மாதிரி.”

“இல்லமா, அதுலயே மரியாத இருக்கு. நீ வான்றதுக்கு அங்க வேற சொல்லு இருக்கு.”

அவன் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் மனதில் இறங்கவில்லை. சம்பந்தி என்பவளை ஒற்றையில் கூப்பிட்டவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. என் மாமியார் என் தாயை வாசலில் நிற்க வைத்து ‘வா’ என்று கூப்பிட்டிருந்தால் என் தாய் அப்படியே திரும்பி நடந்திருப்பாள். அந்த ‘ங்க’ இருக்கிறதே, அது ஒரு சின்னப் பாய் மாதிரி. அதை விரிக்காமல் யாரையும் வீட்டில் உட்காரச் சொல்ல முடியாது. நான் விரித்த பாயில் அந்தம்மாள் ஒரு கூட்டத்தைக் கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறாள். தப்பு என்னுடையது இல்லை என்று இப்போதும் சொல்வேன். அவளுடையதும் இல்லை.

“சாப்புடுங்கன்றது?” என்று கேட்டேன்.

“கோமா.”

நான் அவனைப் பார்த்தேன். அவனும் சொன்ன பிறகுதான் உணர்ந்தான்.

அவனுடைய அப்பா கோமாவில்தான் போனார். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில், குழாய்களோடு. கோமா, கோமா என்று நர்ஸுகள் சொன்னபோது அது ஏதோ மருந்தின் பெயர் என்று எண்ணி, அதைக் கொடுங்கள் என்று கேட்டவள் நான். கல்யாண வீட்டில், வாசலில் வாழைமரம் நிற்கும்போது, சோற்றுத் தட்டை நீட்டி அந்தச் சொல்லையா சொல்வது?

“வேற சொல்லு இல்லயாடா?”

“இருக்கும்மா. ஆனா நீங்க அவங்களுக்கு அதத்தான் தப்பாச் சொன்னீங்க.” வாசல் பக்கம் திரும்பி, “வேணாம்மா, நான் போயி வெளக்கிச் சொல்லிர்றேன்,” என்றான்.

அவன் சொல்லியிருக்கலாம். அது சுலபம். ஆனால் பேசவில்லை என்று அவள் சொன்னது என்னைத்தான். அதற்கு என் மகன் போய்ப் பதில் சொன்னால், அவளிடம் பேசாதவள் என்ற பேர் எனக்கு அப்படியே நின்றுவிடும். அதோடு, அன்றைக்கு எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை, பிடிவாதம் பிடிக்கவும் தெம்பில்லை. பிடிவாதத்துக்கும் கால் பலம் வேண்டும்.

காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு மீதமிருந்தது. கல்யாணத்துக்குச் செய்தது இல்லை, எனக்கென்று அவித்துக்கொண்டது. பெரிய சமையலாக எதையும் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிழங்கைச் சூடாக்கி, கொஞ்சம் மிளகாய்ச் சம்பல் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் கார் நிறுத்துகிற இடத்தில்தான் இருந்தாள். முகம் கழுவியிருந்தாள். மகள் உள்ளே படுத்திருந்தாள்.

முன்னால் போய் நின்றேன். ஒரு கும்பலை அதட்டுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. ஒருத்தியிடம் சொல்வதுதான் வரவில்லை. மனதுக்குள் மாரியம்மாவைக் கூப்பிட்டு, இது சொல்தான் தாயே, வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

“கோமா,” என்றேன்.

வழக்கம்போலத் திரும்பப் போன தலை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும், “கோமா” என்றேன். விரலால் அவளைக் காட்டினேன். விரல் நீட்டுவது மரியாதை இல்லைதான். ஆனால் எனக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

தட்டைப் பார்த்தாள். “யூக்கா,” என்றாள், அவர்கள் ஊரில் இந்தக் கிழங்குக்கு அதுதான் பேர் போல. கிழங்கை ஒடித்தாள், நாரை எடுத்துப் போட்டாள். அந்த நாரை எடுக்கத் தெரிந்தவள் வீட்டில் அவித்துத் தின்றவள்தான். சம்பலைத் தொட்டு வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நிறுத்தாமல் தின்றாள். பசித்துப் போயிருந்தாள் பாவம், வந்த நாளிலிருந்தே.

அப்புறம் பக்கத்தில் கிடந்த நாற்காலியை என் பக்கம் இழுத்தாள். “சியெந்தெசே,” என்றாள்.

‘ன்’ இல்லை. நானும் கேட்டுப் பார்த்தேன், இல்லவே இல்லை. உட்கார்ந்தேன். உட்காரும்போது என் முழங்கால் போட்ட சத்தத்தைக் கேட்டு அவள் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். அவளுக்கும் அப்படித்தானாம். தட்டை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு பேரும் தின்றோம். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. அவளுடைய தங்கை ஒருத்தி எட்டிப் பார்த்தாள், இவள் கையை அசைத்து உள்ளே போகச் சொல்லிவிட்டாள்.

கை கொடுப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குச் சொல்லும் இல்லை.

மறுநாள் கோயிலில் நல்ல கூட்டம். பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாம் கொலம்பியாக்காரர்களைப் பார்க்கவே வந்திருந்தார்கள். பெண் சேலையில் நன்றாக இருந்தாள். நான் கீழே நின்று, பாரென்சே என்றேன், எழுந்தார்கள். சியெந்தென்சே என்றேன், உட்கார்ந்தார்கள். பூசாரி பெண்ணைப் பெற்றவரை மேலே வரச் சொன்னார். தகப்பன் இல்லாவிட்டால் தாய் கை போதும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணவறையில் பெண் திரும்பிப் பார்த்தாள். என் மகன் பார்த்தான். பூசாரி இன்னொரு தடவை கூப்பிட்டார், தமிழில். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். சனம் முழுக்க என் வாயைப் பார்த்தது. அத்தனை பேர் நடுவில் ஒற்றையில் கூப்பிட வேண்டும். நம் ஆட்களில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை, எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும்.

“வெங்கா,” என்றேன். தொண்டை கட்டியிருந்தது, பாதிதான் வெளியே வந்தது.

அவள் கைப்பையைத் தன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். படியேறினாள். மகளின் கையை எடுத்து என் மகனின் கையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள். பூசாரி தண்ணீர் ஊற்றினார். அவள் கையை எடுக்கவில்லை, தண்ணீர் முழங்கை வரைக்கும் ஓடியது. மேளம் கொட்டத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

மேலேயிருந்து இறங்கிய கொழுந்தன் என் காதோரம் குனிந்து, “என்னா அண்ணி, அந்த நேரத்துல போயி வெங்காயம் கேட்டீங்க?” என்றார்.

“ஆமா, சாம்பாருக்கு,” என்றேன்.

பந்தியில் இலை போட்டாயிற்று. கொலம்பியாக்காரர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் ஆட்களிடம் ஏதோ சொன்னாள், நான் கற்றுக்கொள்ளாத நீளமான ஒரு வாக்கியம். எல்லாரும் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்கள். தனக்குப் பக்கத்து இலைக்கு முன்னால் இருந்த இடத்தை அவள் கையால் தட்டினாள். நான் போய் உட்கார்ந்தேன். யாரோ எனக்குச் சோறு போட்டார்கள். யார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.